குறுந்தகடு கடக்க வேண்டிய மூன்று வாயில்கள்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில், 1935-இல் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்றும் நிற்கிறது. 1956-இல் அந்த ஸ்தாபனம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்ற வண்ணப்படத்தை வெளியிட்டபோது, அதன் சுருள் 35 மில்லிமீட்டர் புரொஜெக்டர் உள்ள எந்தக் கொட்டகைக்குப் போனாலும் தடையின்றி ஓடியதற்குக் காரணம், சுருளின் அகலம், ஒரு படத்துக்கு நான்கு துளைகள், விநாடிக்கு 24 படங்கள் என்னும் பிரமாணம் உலகமெங்கும் ஒன்றாக இருந்ததுதான். அதே வட்டாரத்தில் இன்று, நாமக்கல்லில் நடந்த ஒரு கல்யாணத்தைப் பதிந்த குறுந்தகடு, பிள்ளை வீட்டுப் பிளேயரில் ஓடுகிறது. பெண் வீட்டுப் பிளேயரில் ஓட மறுக்கிறது.

இதைக் கண்டு தகட்டையோ யந்திரத்தையோ பழிப்பது நியாயமாகாது. தகட்டிலுள்ள காட்சி திரையை அடைய மூன்று வாயில்களைக் கடந்தாக வேண்டும்; எந்த வாயிலில் அது நின்றுவிட்டது என்று வரிசையாக ஆராய்ந்தால், பரிகாரம் தானே புலப்படும்.

முதல் வாயில் ஒளி. சி.டி.யைப் படிப்பது 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் கிரணம், டி.வி.டி.க்கு 650; புளூ-ரேக்கு 405. அலை குறுகக் குறுக, படிக்கத்தக்க குழிகளும் சிறுத்துவிடுவதால், டி.வி.டி. பிளேயர் புளூ-ரே தகட்டை ஒருபோதும் படிக்காது. கடையில் விற்கும் அச்சுத் தகடுகளைவிட, வீட்டிலோ ஸ்டூடியோவிலோ சாயப்படலத்தில் எழுதிய தகடுகள் ஒளியைக் குறைவாகவே பிரதிபலிப்பதால், லேசர் வலுவிழந்த பழைய பிளேயர் முன்னதை ஓட்டிப் பின்னதற்கு ‘நோ டிஸ்க்’ என்று காட்டலாம். அப்போது தகட்டை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்து, வேறொரு பிளேயரில் இட்டுப் பார்ப்பதே முதற்காரியம்.

இரண்டாவது வாயில் அடுக்குமுறை, அதாவது தகட்டில் விவரங்களை ஒழுங்குபடுத்திக் குறித்திருக்கும் விதம். எழுதி முடித்த தகட்டுக்கு ‘ஃபைனலைஸ்’ என்னும் முத்திரை இடாவிட்டால், எழுதிய யந்திரத்தைத் தவிரப் பிற யந்திரங்கள் பெரும்பாலும் அதை அறிய இயலாது. தகடு எந்த நாட்டுப் பகுதிக்கு உரியது என்று குறிக்கும் பிரதேச எண் என்பதும் இங்கே உண்டு: இந்தியாவுக்கு உரியது 5; அமெரிக்க உறவினர் அனுப்பும் திரைப்பட டி.வி.டி. 1 என்ற எண் தாங்கி வந்தால், நம் பிளேயர் அதை மறுத்துவிடக்கூடும்.

மூன்றாவது வாயிலான சுருக்கமுறையே மிகவும் சூக்ஷ்மமானது. டி.வி.டி.யின் காட்சியைச் சுருக்காமல் அப்படியே எழுதினால், 4.7 ஜிகாபைட் தகடு ஏறக்குறைய ஐந்து நிமிஷத்தில் நிரம்பிவிடும். ஆகவேதான் ‘கோடெக்’ எனப்படும் கணித முறைகளால் அதைச் சுருக்குகிறார்கள்: வி.சி.டி.யில் எம்பெக்-1, டி.வி.டி.யில் எம்பெக்-2, பின்னர் வந்த எக்ஸ்விட், 2003-இல் எச்.264, 2013-இல் எச்.265. இவற்றை விரிக்கும் ஆற்றல் பிளேயரின் சில்லிலேயே பொறிக்கப்பட்டிருப்பதால், அது பிறந்த பிறகு தோன்றிய முறையை அது கற்றுக்கொள்ள வழியில்லை. குரல் கேட்டுப் படம் தெரியாமல் போவதும், ‘கோடெக் நாட் சப்போர்ட்டட்’ என்று எழுத்து வருவதும் இந்த வாயிலின் அடையாளங்கள். ஏ.வி.ஐ., எம்.பி.4 என்பன கோப்பின் மூட்டைப் பெயர்கள் மட்டுமே. சேலத்து ஜவ்வரிசி மூட்டையின்மேல் அரிசி என்று எழுதினால் உள்ளிருப்பது அரிசியாகாதது போல, கோப்பின் பெயரை மாற்றுவதால் பயனில்லை. கணினியில் எஃப்எஃப்எம்பெக் போன்ற இலவசச் செயலியால் காட்சியை எம்பெக்-2 ஆக, 720-க்கு 576 புள்ளிகளும் விநாடிக்கு 25 படங்களுமாக மாற்றி, டி.வி.டி. வீடியோவாக அடுக்கி எழுதினால், நம் நாட்டிலுள்ள ஏறக்குறைய எல்லா டி.வி.டி. பிளேயர்களும் அதை ஏற்கும்.

பிலிம் சுருளை விளக்குக்கு நேரே பிடித்தால், யந்திரமே இல்லாமல் அதிலுள்ள முகம் நம் கண்ணுக்குத் தெரியும். குறுந்தகட்டை எந்த விளக்கில் பிடித்தாலும் வானவில்லின் நிறங்களே தெரியும். முகத்தைக் காட்ட அதன் சங்கேதம் அறிந்த யந்திரம் ஒன்று உயிரோடு இருக்க வேண்டும். பீரோவில் உறங்கும் கல்யாணத் தகட்டையும் காதுகுத்துத் தகட்டையும், அவற்றை அறிந்த பிளேயரும் கணினியும் நம் ஊரில் இருக்கும்போதே வெளியே எடுத்து, இரண்டு இடங்களில் பிரதி செய்து வைப்பது, அவற்றில் சிரித்துக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கு நாம் செய்யவேண்டிய கடமை.