வெள்ளைப் பின்னணியில் பொன் நகை

மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பார்கள். நண்பர்களே, அசல் பொன்னே ஆனாலும் போட்டோவில் மின்னாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்!

கோவையில் என் மாமா சின்னதாக ஒரு நகைப் பட்டறை வைத்திருக்கிறார். போன வருஷ லீவில், "மாப்ளே, இந்தச் செயினையெல்லாம் போட்டோ எடுத்துக் குடு. வெளியூர்ப் பார்ட்டிங்க வாட்ஸ்அப்புல கேக்கறாங்க. பின்னால சுத்த வெள்ளையா இருக்கோணும்" என்றார். இதென்ன பெரிய விஷயம் என்று வெள்ளைத் துணியை விரித்து எடுத்தேன். துணி சாம்பல் நிறத்தில் வந்தது. கம்ப்யூட்டரில் பிரைட்னஸைக் கூட்டினேன். துணி வெள்ளையானது, கூடவே செயினும் வெளுத்தது. அந்தப் படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுத்தவர், நகை கைக்கு வந்ததும் "படத்துல இருந்த நிறம் வேற, வந்த நிறம் வேற" என்று திருப்பி அனுப்பிவிட்டார். 916 முத்திரை இருந்தும் மாமாவின் நாணயத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. மாமா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. அதற்குப் பிறகு உட்கார்ந்து படித்ததையும் செய்து பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

வெள்ளை ஏன் சாம்பலாகிறது?

காமிராவுக்குள் இருக்கும் மீட்டருக்கு எது வெள்ளை, எது கறுப்பு என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு வெளிச்சத்தை அளக்கும். முழுக்க வெள்ளைத் தாளைக் காட்டினால் "வெளிச்சம் ஜாஸ்தி" என்று தானாகவே குறைத்துவிடும். ஆகவே நாம்தான் எக்ஸ்போஷரை +1 அளவுக்குக் கூட்ட வேண்டும். செல்போனில் நகையின் மேல் விரலை வைத்து, பக்கத்தில் தெரியும் சூரியக் குறியை மேலே தள்ளினால் போதும்.

ஆனால் இது பாதி வைத்தியம்தான். கூட்டும்போது பின்னணியோடு நகையும் சேர்ந்து வெளுக்கும். நான் கம்ப்யூட்டரில் செய்த தப்பும் இதுவே.

இரண்டுக்கும் தனித்தனி வெளிச்சம்

சூட்சுமம் இதுதான்: பின்னணிக்கு ஒரு விளக்கு, நகைக்கு வேறு விளக்கு. நகையை விடப் பின்னணிக்குச் சுமார் இரு மடங்கு வெளிச்சம் இருந்தால் தாள் வெள்ளையாகும், நகை தன் நிறத்தில் நிற்கும். அதற்கு மேல் போனால் பின்னணி வெளிச்சம் லென்ஸுக்குள் சிதறி நகையின் ஓரத்தையே தின்றுவிடும்.

செய்முறை சுலபம். இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, மேலே பால் நிற அக்ரிலிக் ஷீட்டை வையுங்கள். அடியில் ஒரு எல்.இ.டி. பல்பு. நகையை ஷீட்டின் மேல் வைத்தால் அடியில் நிழலே விழாது. முதலில் இந்த பல்பை மட்டும் போட்டுப் பின்னணி வெள்ளையாகும்படி சரிசெய்யுங்கள். நகை கறுப்பாகத் தெரியும், பயப்பட வேண்டாம். பிறகு இரு பக்க விளக்குகளைப் போட்டு நகைக்கு வெளிச்சம் கொடுங்கள். விளக்கை 1 அடியிலிருந்து 2 அடிக்குத் தள்ளினால் வெளிச்சம் பாதியாகாது, ஏறக்குறைய கால் பங்காகிவிடும். தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதம் என்று முதல் வருஷத்தில் மனப்பாடம் செய்தோமே, அதேதான்!

தங்கம் ஒரு கண்ணாடி

பாலிஷ் போட்ட தங்கம் எதிரில் இருப்பதையெல்லாம் காட்டும். என் முதல் படத்தில் செயினுக்குள் என் சிவப்புச் சட்டையே தெரிந்தது! இதற்கு மருந்து நம் டிராயிங் ஹாலில் இருக்கிறது. மிஞ்சிய டிரேசிங் பேப்பரை நகையைச் சுற்றிக் கூடாரம் போல் கட்டி, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை விடுங்கள். விளக்குகள் கூடாரத்துக்கு வெளியே இருக்கட்டும். எல்.இ.டி.தான் நல்லது, சூடாகும் பழைய குண்டு பல்பைப் பேப்பர் பக்கத்தில் வைக்காதீர்கள்.

சுற்றிலும் வெள்ளையாகவே இருந்தால் நகை தட்டையாகத் தெரியும். அதனால் படத்துக்குள் வராதபடி இரு பக்கமும் கறுப்புச் சார்ட் பேப்பர் துண்டுகளை நிறுத்துங்கள். அதன் பிரதிபலிப்பு விளிம்பில் கோடு போட்ட மாதிரி விழும். கல் பதித்த நகையானால் சின்ன டார்ச் ஒன்றை நேராக அடித்துப் பாருங்கள். மெத்தென்ற வெளிச்சத்தில் கல் பளிச்சிடாது.

மறக்கக் கூடாதவை

ஜன்னல் வெளிச்சத்தையும் பல்பையும் கலக்காதீர்கள். ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள் என்றாகிவிடும். எல்லா பல்பும் ஒரே நிறமாக, 5500 கெல்வின் வாக்கில் இருக்கட்டும். வெள்ளைத் தாளைக் காட்டி ஒயிட் பேலன்ஸை முதலிலேயே அமைத்துவிடுங்கள். ஸ்டாண்டு, ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11, 2 வினாடி டைமர் — இவ்வளவு போதும். எடுக்கும் முன் கைரேகையையும் தூசியையும் துடைத்துவிடுங்கள்.

கம்ப்யூட்டரில் 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை. அமேசான் போன்ற கடைகள் முதல் படத்துக்கு மூன்று நிறத்திலும் 255 கேட்கின்றன. எடுக்கும்போதே 245 வந்துவிட்டால் மீதியைத் திருத்தலாம். ஆனால் நகையைத் தனியாகப் பிரித்துவிட்டு, பின்னணியை மட்டும் தொடுங்கள்.

மாமாவின் செயினை இப்படி மறுபடி எடுத்தேன். படத்தையும் செயினையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப ரெண்டும் ஒண்ணாட்டம் இருக்குது மாப்ளே" என்றார். திருப்பி அனுப்பியவர் மட்டும் அப்புறம் வரவே இல்லை.

நண்பர்களே, உங்கள் ஊரிலும் சிறிய பட்டறைக்காரர்கள் இருப்பார்கள். படம் எடுத்துக் கொடுப்பது நமக்கு நல்ல சுயதொழில். ஆனால் ஒன்றை மறந்துடாதீங்க: பின்னணியை எவ்வளவு வேண்டுமானாலும் வெளுக்கலாம், பொன்னின் நிறத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. அதில் இருப்பது இன்னொருவரின் நாணயம்!

— இறுதியாண்டு மின்னணுவியல் மாணவன்