குழாய்க்குள் ஒரு ராணி

எறும்பு வளர்ப்பு ராணியில் தொடங்குகிறது. வேலைக்கார எறும்புகளை எத்தனை பிடித்து அடைத்தாலும் ராணி இல்லாத கூட்டம் நாளடைவில் அழிந்துவிடும். பினாங்கில் நல்ல மழை ஓய்ந்த மாலைகளில் இறகுள்ள ராணிகள் பறந்து இணை சேர்ந்து, விளக்கு வெளிச்சத்தைத் தேடி ஜார்ஜ் டவுன் கடைகளின் முன்னுள்ள அஞ்சடி நடைபாதைகளிலும் வந்து விழும். இறகை உதிர்த்துவிட்டுத் தரையில் இடம் தேடி அலையும் ராணியைப் பிடிப்பதே நல்லது.

சோதனைக் குழாயின் அடியில் தண்ணீர் ஊற்றிப் பஞ்சால் அடைத்து, ராணியை உள்ளே விட்டு, வாயையும் பஞ்சால் மூடி இருட்டில் வைக்க வேண்டும். கட்டெறும்பு ராணிக்கு அப்போது இரை தேவையில்லை. இனிப் பயன்படாத பறக்கும் தசைகளைக் கரைத்தே முதல் புழுக்களுக்கு ஊட்டும். ஆசையில் அடிக்கடி எடுத்துப் பார்த்தால் மிரண்டுபோய்த் தன் முட்டைகளையே தின்றுவிடும். வேலைக்கார எறும்புகள் வந்தபின் தேன் கலந்த தண்ணீரும், பறவைத் தீனிக் கடையில் வாங்கும் வெட்டுக்கிளியோ சில்வண்டோ போதும்.

இங்கிலாந்தின் ஜான் லப்பக் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே கூடமைத்து எறும்புகளை ஆராய்ந்து 1882இல் நூல் வெளியிட்டவர். அவரிடம் ஒரு ராணி 14 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. ஐரோப்பிய இனங்களுக்குக் குளிர்கால உறக்கம் வேண்டும் என்பதால் அங்குள்ளவர்கள் கூட்டைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறார்கள். ஆண்டு முழுதும் ஏறத்தாழ 24 முதல் 32 டிகிரி வெப்பம் நிலவும் பினாங்கில் அந்த வேலை இல்லை.

இங்கே தொல்லை ஈரம்தான். மிச்ச இரையில் ஒரே இரவில் பூஞ்சை பிடிக்கும், சிற்றுண்ணி பெருகும். எறும்புகள் தப்பாமலிருக்கப் பெட்டியின் விளிம்பில் பூசும் டால்கம் பவுடரும் ஈரக்காற்றில் பிடியை இழக்கும், அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். டெங்கிக் கொசுவுக்குப் புகையடிக்கும் நாளில் சன்னலை அடைத்துக் கூட்டை உள்ளறைக்கு மாற்றாவிட்டால் எறும்பும் சேர்ந்து சாகும்.

எதை வளர்ப்பது என்பதில் நிதானம் வேண்டும். மலாய்க்காரர்கள் கெரங்கா என்னும் முசுறு, தன் புழுக்கள் சுரக்கும் பட்டால் இலைகளைத் தைத்துக் கூடு கட்டுவதைப் பார்க்க யாருக்கும் ஆசை வரும். ஆனால் வளர்ந்த கூட்டத்தில் லட்சக்கணக்கில் பெருகி, மரத்துக்கு மரம் கூடு பரப்பும் அந்த இனத்துக்கு அடுக்குமாடி வீடு ஏற்றதல்ல. மலேசியக் காடுகளின் ராட்சத எறும்பு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீளும். ஒரே கூட்டம் ஏறக்குறைய ஒரு ஹெக்டேரில் இரை தேடுவதாகப் போர்னியோவில் அளந்திருக்கிறார்கள். அதைப் பெட்டியில் அடைப்பது அநியாயம். மருத்துவமனைகளில் கிருமி பரப்பும் பாரோ எறும்பை வீட்டில் வைப்பது முட்டாள்தனம். தொடங்குபவருக்குத் தெருக் கட்டெறும்பே போதும்.

அரிய இனத்துக்கான ஆசை கள்ளச் சந்தையை வளர்க்கிறது. 2025இல் கென்யாவில் சுமார் 5,000 ராணி எறும்புகளுடன் பிடிபட்ட இரு பெல்ஜிய இளைஞர்களுக்கு நீதிமன்றம் அபராதம் விதித்தது. வேறு நாட்டு எறும்பு தப்பினால் கேடு இன்னும் பெரிது. கிறிஸ்மஸ் தீவில் வெளியிலிருந்து வந்த மஞ்சள் பைத்தியக்கார எறும்புகள் கோடிக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்றன. வளர்க்க அலுத்துப்போனால் உள்ளூர்க் கூட்டத்தைப் பிடித்த தெருவிலேயே விட்டுவிடலாம். விலைக்கு வாங்கிய அயல்நாட்டு எறும்பை மட்டும் ஒருபோதும் வெளியே விடாதீர்கள்.