ஆயுதம் ஏந்தாதவர்கள் - 9: பாடிப் பெற்ற விடுதலை

விடுதலை கிடைத்த பிறகு மக்கள் ஆடிப்பாடி மகிழ்வதை எல்லா நாட்டு வரலாற்றிலும் பார்க்கிறோம். எஸ்தோனியாவில் வரிசை மாறிவிட்டது. பாட்டும் களிப்பும் 1988-லேயே வந்துவிட்டன. விடுதலை மூன்று ஆண்டு கழித்து 1991 ஆகஸ்டில்தான் வந்தது. அந்த மூன்று ஆண்டுகளும் சோவியத் படை அந்த மண்ணில்தான் இருந்தது, உளவுத்துறையும் இருந்தது. அப்படியிருந்தும் ஒரு சின்னஞ்சிறு மக்கள்கூட்டம் பயத்தை உதறிவிட்டு, தாங்கள் ஏற்கெனவே சுதந்திரம் பெற்றவர்கள் என்பதைப்போல நடமாட ஆரம்பித்தது. இந்தத் தொடருக்காகப் படித்த போராட்டங்களில் என் மனம் அதிகம் ஒட்டிக்கொண்டது இதில்தான்.

நம் ஊரில் எஸ்தோனியாவை அறிந்தவர்கள் அன்று குறைவு. வழவழப்பான தாளில் வந்த ‘சோவியத் நாடு’ இதழைக் கிழித்துப் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போட்ட தலைமுறைக்கு அது பதினைந்து சோவியத் குடியரசுகளில் ஒன்று, அவ்வளவுதான். வண்ணப்படங்களில் மக்கள் எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் குடியரசு எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்பது அந்தப் பக்கங்களில் இருக்காது.

பால்டிக் கடலோரம், பின்லாந்துக்கு எதிர்க்கரையில் இருக்கிற நாடு அது. 1989 கணக்கெடுப்பில் மொத்த மக்கள்தொகை 15.65 லட்சம். அதில் எஸ்தோனியர்கள் 61.5 சதவீதம்தான், பத்து லட்சத்தைக்கூடத் தொடவில்லை. 1918 பிப்ரவரி 24-ல் சுதந்திரம் அறிவித்து, போரிட்டு அதைக் காப்பாற்றி, 22 ஆண்டுகள் சொந்தக் குடியரசாக வாழ்ந்தார்கள். 1939 ஆகஸ்ட் 23 அன்று ஹிட்லரின் அரசும் ஸ்டாலினின் அரசும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் ரகசிய இணைப்பில் அவர்கள் தலைவிதி எழுதப்பட்டது. 1940 ஜூனில் செம்படை உள்ளே வந்தது. 1941 ஜூன் 14 அன்று சுமார் 10,000 பேரை வீடுவீடாக எழுப்பி ரயிலேற்றி உள்ரஷ்யாவுக்கும் சைபீரியாவுக்கும் கொண்டுபோனார்கள். நடுவில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பு, மறுபடியும் சோவியத் ஆட்சி. 1949 மார்ச்சில் இன்னொரு நாடுகடத்தல். 20,000-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் ஒரு பெயர் விடுபட்டுப் போயிருந்தது. அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லவும் முடியாது.

சொல்ல முடியாததைப் பாட முடிந்தது. எஸ்தோனியாவில் பாட்டு என்பது மேடைக் கச்சேரியைச் சேர்ந்த விஷயமல்ல. 1869-ல் தார்த்து நகரில் யோஹான் வோல்டெமார் யான்சென் என்ற பத்திரிகை ஆசிரியர் முதல் பாடல் திருவிழாவைக் கூட்டினார். ஜெர்மானியப் பிரபுக்களின் கீழே, ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில், எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்த ஒரு குடியானவச் சமூகம் தன்னை ஓர் இனமாக முதன்முதலில் கண்ணால் பார்த்துக்கொண்ட இடம் அது. அன்றிலிருந்து ஊருக்கு ஊர் பாடற்குழு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாக் குழுக்களும் ஒரே மைதானத்தில் கூடும்; ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே குரலில் பாடுவார்கள்.

யான்சென்னின் மகள் லிடியா கோய்துலா கவிஞர். தாய்நாட்டின் மீதான அன்பைச் சொல்லும் அவருடைய கவிதை ஒன்றுக்கு குஸ்தாவ் எர்னெசாக்ஸ் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் புதிதாக மெட்டமைத்தார். 1947 திருவிழாவில் அது பாடப்பட்டது. பிறகு அதிகாரிகளுக்கு உறைத்தது, நிகழ்ச்சிநிரலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1960-ல் திருவிழா முடிகிற நேரத்தில், அனுமதியில்லாமலே கூட்டம் அதைப் பாடத் தொடங்கியது. எர்னெசாக்ஸ் மேடையேறி நடத்திக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தப் பாட்டை யாராலும் நிறுத்த முடியவில்லை. பழைய தேசியகீதத்தின் கதை இன்னும் விசேஷம். அதை எழுதியவரும் யான்சென்தான். அதன் முதல் வரியிலேயே தாய்நாடும் மகிழ்ச்சியும் சேர்ந்து நிற்கின்றன. சோவியத் ஆட்சி அதைத் தடை செய்தது. ஆனால் அதன் மெட்டும் பின்லாந்தின் தேசியகீத மெட்டும் ஒன்றே. பின்லாந்து வானொலி தினமும் ஒலிபரப்பைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அந்த மெட்டை ஒலிக்கும். கடல் தாண்டி வருகிற அலையை யார் தடுப்பது? தடை செய்யப்பட்ட தங்கள் கீதத்தை எஸ்தோனியர்கள் பல பத்தாண்டுகள் பக்கத்து வீட்டு வானொலியில் கேட்டார்கள்.

சோவியத் தலைவராகக் கோர்பச்சேவ் வந்து பேச்சுக்கிருந்த கட்டுப்பாட்டைக் கொஞ்சம் தளர்த்தியதும், எஸ்தோனியர்கள் முதலில் அரசியலைத் தொடவில்லை. 1987-ல் வடகிழக்கே விரு மாவட்டத்தில் பாஸ்பேட் சுரங்கங்கள் தோண்ட மாஸ்கோ திட்டமிட்டது. நிலத்தடி நீர் கெடும், வேலைக்கென்று வெளியிலிருந்து ஆட்கள் குவிக்கப்படுவார்கள் என்ற இரண்டு அச்சங்களும் மக்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்தும் உயிரோடிருக்கலாம் என்று தெரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 23-ல் தலைநகர் தால்லினின் ஹிர்வே பூங்காவில், சிறை சென்று மீண்ட சிலர் கூட்டம் கூட்டி, 1939-ன் ரகசிய இணைப்பை வெளியிடு என்று பகிரங்கமாகக் கேட்டார்கள்.

பிறகு வந்தது 1988 ஜூன். அந்த வடக்குப் பிரதேசத்தில் ஜூன் மாதம் முழு இருட்டே வராது. தால்லின் பழைய நகரத் திருவிழாவுக்கு வந்த இளைஞர்கள் கலைந்து வீட்டுக்குப் போகாமல், கடலோரத்தில் இருக்கிற பாடல் திருவிழா மைதானத்துக்கு நடந்தார்கள். விடிய விடியப் பாடினார்கள். அடுத்த இரவும் வந்தார்கள். அதற்கடுத்த இரவும். ஒவ்வொரு இரவும் கூட்டம் பெருகியது. அந்த ஆண்டு அலோ மத்தீசன் என்ற இளம் இசையமைப்பாளர் பழைய நாட்டுப்பற்றுப் பாடல்களின் வரிகளை ராக் இசையோடு கலந்து புதிதாக அமைத்திருந்தார். பாட்டியும் பேரனும் ஒரே பாட்டைச் சேர்ந்து பாட முடிந்தது. நீலம், கறுப்பு, வெள்ளை என்ற மூன்று நிறக் கொடி கூட்டத்துக்குள் எழுந்தது. அந்தக் கொடியை வைத்திருந்தால் சிறை என்றிருந்த காலத்திலும் பரணிலும் மண்ணுக்கடியிலும் அதை ஒளித்துக் காத்த குடும்பங்கள் இருந்தன. நாற்பது வருடம் மடிப்புக் கலையாமல் கிடந்த துணி வெளியே வந்தபோது, அதை வைத்திருந்தவர்கள் அழுதார்கள், பார்த்தவர்களும் அழுதார்கள். காவல்துறை கை வைக்கவில்லை.

ஹைன்ஸ் வால்க் என்ற ஓவியர் அந்த இரவுகளைப் பற்றி ஒரு வார இதழில் எழுதிய கட்டுரையில்தான் ‘பாடும் புரட்சி’ என்ற பெயர் பிறந்தது. செப்டம்பர் 11 அன்று அதே மைதானத்தில் மிகப் பெரிய கூட்டம் கூடியது. மூன்று லட்சம் என்று சொல்லப்படுகிறது. சற்றுக் குறைத்துச் சொல்பவர்களும் உண்டு. எப்படிக் குறைத்தாலும், ஓர் இனத்தின் பெரும்பகுதி ஒரே புல்வெளியில் நின்றது. திரிவிமி வெல்லிஸ்தே என்ற பேச்சாளர் அந்த மேடையிலிருந்து நாட்டின் சுதந்திரத்தை மீட்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். வால்க் பேசினார்: என்றாவது ஒருநாள், எப்படியானாலும், நாம் வென்றே தீருவோம். அன்றைய நிலையில் அதற்கு ஆதாரம் என்று எதுவும் இல்லை. ஆனால் அங்கே நின்றவர்கள் அதை நம்பினார்கள்.

பாடற்குழுவில் இருப்பவருக்குத் தெரியும்: அங்கே உரக்கக் கத்துவதற்கு மதிப்பில்லை. பக்கத்தில் இருப்பவரின் குரலைக் கேட்க வேண்டும், மூச்சைப் பிடித்து வைக்க வேண்டும், கை அசையும்போது தொடங்கி கை நிற்கும்போது நிறுத்த வேண்டும். 120 ஆண்டுகள் இந்தப் பயிற்சி எடுத்த மக்கள் அவர்கள். அது எதற்கு உதவியது என்பதைச் சொல்ல ஒரே ஒரு நாள் போதும்.

1990 மே 15. அதற்குள் சுதந்திர ஆதரவாளர்களின் அரசு அமைந்து, மக்கள் முன்னணி என்ற இயக்கத்தைத் தொடங்கிய எட்கர் சவிசார் பிரதமராகியிருந்தார். சுதந்திரத்தை எதிர்த்த, பெரும்பாலும் ரஷ்ய மொழி பேசுபவர்களைக் கொண்ட ‘இன்டர்ஃப்ரன்ட்’ அமைப்பினர் ஆயிரக்கணக்கில் தால்லினின் தூம்பியா குன்றுக்குப் போய், நாடாளுமன்றக் கட்டடத்தின் வாயிற்கதவை உடைத்து முற்றத்துக்குள் புகுந்தார்கள். சவிசார் வானொலியில் பேசினார்: தூம்பியா தாக்கப்படுகிறது, வாருங்கள். வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எஸ்தோனியர்கள் குன்றேறினார்கள். கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் இருந்தவர்கள் நான்கு பக்கமும் சூழப்பட்டார்கள். ஐம்பது வருடக் கோபம் ஒரு பக்கம், சிக்கிக்கொண்ட பயம் இன்னொரு பக்கம். யாராவது ஒருவர் ஒரு கல்லை எடுத்திருந்தால், மாஸ்கோ ராணுவத்தை இறக்குவதற்குத் தேடிக்கொண்டிருந்த காரணம் கையில் கிடைத்திருக்கும். கூட்டம் “வெளியே போ” என்று முழங்கியது. முழங்கிக்கொண்டே நடுவில் பிளந்து வழிவிட்டது. உள்ளே புகுந்தவர்கள் அந்தக் குறுகிய வழியே, இரண்டு பக்கமும் எதிரிகள் நிற்க, ஒரு கீறல்கூட இல்லாமல் நடந்து வெளியேறினார்கள். 1991 ஆகஸ்டைவிட இந்த நாளைத்தான் நான் எஸ்தோனியாவின் வெற்றி நாளாக வைப்பேன்.

அதற்கு முந்தைய ஆண்டு நின்ற மனிதச்சங்கிலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உலகம் அறிந்த படம் அது. 1989 ஆகஸ்ட் 23 மாலை 7 மணிக்கு, அந்த ரகசிய ஒப்பந்தத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவில், தால்லினிலிருந்து ரீகா வழியாக வில்னியஸ் வரை 600 கிலோமீட்டருக்கும் மேல் மூன்று பால்டிக் நாட்டு மக்கள் கைகோத்து நின்றார்கள். நான்கே மாதத்தில், டிசம்பர் 24 அன்று, சோவியத் மக்கள் பிரதிநிதிகள் பேரவையே அந்த ரகசிய இணைப்பைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

1991 மார்ச் 3 பொதுவாக்கெடுப்பில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலானவர்கள் சுதந்திரத்துக்கு வாக்களித்தார்கள். எஸ்தோனியர்கள் மட்டும் வாக்களித்து அந்த எண்ணிக்கை வந்திருக்க முடியாது. ரஷ்ய மொழி பேசியவர்களிலும் கணிசமானவர்கள் ஆதரித்திருக்கிறார்கள். ஆகஸ்ட் 19 அன்று மாஸ்கோவில் கோர்பச்சேவுக்கு எதிராக ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி. டாங்கிகள் தால்லினை நோக்கி வந்துகொண்டிருந்தன. 20-ம் தேதி இரவு 11 மணி தாண்டியதும் நாடாளுமன்றம் வாக்களித்தது: ஆதரவு 69. எஸ்தோனியா சுதந்திர நாடு. மறுநாள் காலை சோவியத் துருப்புகள் 314 மீட்டர் உயரமுள்ள தொலைக்காட்சிக் கோபுரத்தைப் பிடிக்க வந்தன. மேல்தளத்தில் இருந்த சிலர் மின்தூக்கியின் கதவிடுக்கில் ஒரு தீப்பெட்டியைச் செருகி அதை ஓடவிடாமல் நிறுத்தினார்கள். வீரர்கள் படியேறத்தான் வேண்டியிருந்தது. அவர்கள் கோபுரத்தை முழுமையாகக் கைப்பற்றுவதற்குள் மாஸ்கோவில் சதி நொறுங்கிவிட்டது. ஆகஸ்ட் 22-ல் ஐஸ்லாந்து அங்கீகரித்தது. செப்டம்பர் 6-ல் சோவியத் ஒன்றியமே அங்கீகரித்தது. இந்தியா செப்டம்பர் 9-ல். தால்லினில் வெளியுறவு அமைச்சகத்துக்கு முன்னால் இருக்கும் சதுக்கத்துக்கு இன்று ஐஸ்லாந்தின் பெயர்.

இந்த மகிழ்ச்சியில் எல்லோரும் பங்குபெறவில்லை என்பதையும் எழுதியாக வேண்டும். 1940-க்கு முந்தைய குடிமக்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும்தான் குடியுரிமை தானாகக் கிடைத்தது. சோவியத் காலத்தில் குடியேறியவர்கள் எஸ்தோனிய மொழித் தேர்வு எழுதித்தான் பெற வேண்டும். 1992-ல் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் குடியுரிமை இல்லாமல் நின்றார்கள். பிறகு படிப்படியாகக் குறைந்தது. தங்கள் இனம் சொந்த மண்ணில் சிறுபான்மையாகிவிடுமோ என்ற பயம் எஸ்தோனியர்களுக்கு நியாயமானதே. ஆனால் அங்கேயே பிறந்து, அந்த வாக்கெடுப்பில் சுதந்திரத்துக்கு வாக்களித்துவிட்டு, குடியுரிமை இல்லாதவர்களுக்கான சாம்பல் நிறக் கடவுச்சீட்டோடு நின்றவருக்கு அது அநீதிதான். மே 15 அன்று வழிவிட்ட பெருந்தன்மை சட்டம் எழுதும்போது குறைந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

இன்னொரு கடனும் உண்டு. எஸ்தோனியா உயிர்ப்பலியின்றி விடுதலை பெற்றதற்கு அதன் மக்களின் கட்டுப்பாடு பெரிய காரணம். பக்கத்து நாடுகள் கொடுத்த விலையும் ஒரு காரணம். 1991 ஜனவரி 13 அதிகாலையில் லித்துவேனியத் தலைநகர் வில்னியஸில், தொலைக்காட்சிக் கோபுரத்தைக் காத்து நின்ற நிராயுதபாணிகள்மீது சோவியத் படை டாங்கிகளை ஏற்றியது, சுட்டது. 14 பேர் இறந்தார்கள். உலகம் அதைப் பார்த்ததால்தான் தால்லினில் அது நடக்கவில்லை. அவர்களைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன்.