உச்சி ஏன் துடிக்கிறது?

குழந்தையை முழுக வார்க்கும்போது, "உச்சி கவனம் பிள்ளை" என்று அம்மம்மா சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த இடம் ஏன் மெத்தென்று துடிக்கிறது, நேயர்களே?

மண்டையோடு ஒரே எலும்பல்ல, பல தகடுகள். பிறந்த குழந்தைக்கு அவற்றின் நடுவே சவ்வுதான் இருக்கும். உள்ளே ஓடும் இரத்தத்தின் துடிப்பு அதனூடாகத் தெரிகிறது. அந்த இடைவெளி இருப்பதால்தான் பிரசவத்தின்போது தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி, தலை ஒடுங்கிக்கொடுக்கிறது. கெட்டிக்கார ஏற்பாடு! பிறகு தகடுகளின் ஓரங்கள், வாளின் பற்களைப்போல ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும்.

இப்படி உடலின் அமைப்பை விளக்கும் உடற்கூற்றியலைத் தமிழிலேயே படிக்க, 1872இல் யாழ்ப்பாணத்தில் ஒரு நூல் வந்தது. மானிப்பாய் டாக்டர் கிறீனின் முயற்சியில் தமிழான, ஆங்கிலேய உடற்கூற்றியலாளர் கிறேயின் நூல். பெயர், 'மனுஷ அங்காதிபாதம்'. ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்!