உங்களுக்குத் தெரியுமா? 446 என்று தேடுங்கள்
மலேசியக் கூட்டரசுச் சட்டங்களைச் சட்டத்துறைத் தலைவர் அலுவலக இணையத்தளத்தில் மலாயிலும் ஆங்கிலத்திலும் படிக்கலாம். ஏஐ முகவர்கள் இவற்றைக் குறிச்சொல் கொண்டு துழாவும்போது சட்டத்தின் பெயரை மட்டும் நம்பக்கூடாது. எடுத்துக்காட்டாக, ஜொகூர் தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்கான குறைந்தபட்சத் தரத்தைச் சொல்வது 1990ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் ஒன்று. 2019இல் அதைத் திருத்தியபோது பெயரும் மாறியது. தோட்டம், சுரங்கம் தாண்டிப் பிற துறைகளுக்கும் அது விரிந்தது. பழைய பெயரை அப்படியே இட்டால் இன்றைய சட்டம் சிக்காமல் போகலாம். மாறாதது அதன் எண்: 446. ஒழுகும் கூரையின்கீழ் வாழும் குடும்பத்துக்குப் பதில் தேடும் கருவி இதை அறிந்தே ஆகவேண்டும்.

ஜொகூரில் நிலம் பற்றிய கேள்வி என்றால் கூட்டரசுச் சட்டங்கள் மட்டும் போதா. கூட்டரசு அரசியலமைப்பின் 9ஆவது அட்டவணைப்படி நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது; ஜொகூர் மாநில நில விதிகளையும் தேட வேண்டும்.