டி.வி.யில் 120 ஹெர்ட்ஸ்: நிகர எடையா, மூட்டையோடு சேர்த்த எடையா?

2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரி குறைந்ததால் மிச்சமாகும் தொகையை, "வீடியோ கேம் ஆட 120 ஹெர்ட்ஸ் பெட்டிதான் வேண்டும்" என்று பிள்ளைகள் கேட்க, நம்மில் பலர் அதற்கே கொடுத்துவிடுகிறோம். காவாந்தண்டலம் போன்ற ஊரில் மளிகைக் கடை நடத்துபவருக்கு அந்தக் கூடுதல் விலை சரக்கு எடுக்க வேண்டிய முதல். ஆகவே விஷயத்தைத் தெரிந்துகொண்டு பணத்தை எடுப்பது நல்லது.

ஹெர்ட்ஸ் என்றால் என்ன?

திரையில் படம் ஒரு விநாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதே இந்தக் கணக்கு. 2006 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு வழங்கத் தொடங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி விநாடிக்கு 50 முறை திரையை வரைந்தது. இன்றைய சாதாரண பெட்டி 60 முறை, விலை கூடியது 120 முறை. அதாவது 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 16.7 மில்லி விநாடி, 120-ல் 8.3 மில்லி விநாடி. கார் பந்தயம், துப்பாக்கிச் சண்டை போன்ற வேகமான ஆட்டங்களில் இந்த வித்தியாசம் கைக்கும் கண்ணுக்கும் தெரியும். லூடோ, கேரம் ஆடுபவருக்குத் தெரியாது.

சரக்கு வந்தால்தானே கிடங்கு நிறையும்?

பெட்டி 120 ஆக இருந்தால் மட்டும் போதாது. விளையாட்டுக் கருவியும் 120 படங்களை அனுப்ப வேண்டும். பிளேஸ்டேஷன் 4 அனுப்புவது அதிகபட்சம் 60. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகியவை 120 வரை அனுப்பும். ஆனால் அவற்றிலும் பல ஆட்டங்கள் 30 அல்லது 60-ல்தான் ஓடுகின்றன. சினிமா விநாடிக்கு 24 படம்தான். கேபிளில் வரும் சீரியலுக்கும் கிரிக்கெட்டுக்கும் 60 ஹெர்ட்ஸ் தாராளம். செல்போன் ஆட்டத்தை ஒயர் இல்லாமல் டி.வி.க்கு அனுப்பிப் பார்த்தால், வழியிலேயே தாமதம் சேர்ந்துவிடும். அங்கே 120-க்குக் கொடுத்த காசு வீண்.

அட்டைப் பெட்டியில் உள்ள எண்

பொட்டலத்தில் நிகர எடையை அச்சிட வேண்டும் என்பது நமக்குச் சட்டம். டி.வி. அட்டையிலோ "மோஷன் ரேட் 120" போன்ற பெயர்களில் பெரிய எண் இருக்கும்; உள்ளே திரை 60 ஹெர்ட்ஸாகவே இருக்கலாம். இது மூட்டையோடு சேர்த்துச் சொல்லும் எடை. சில பெட்டிகள் இரண்டு படங்களுக்கு நடுவே தாமாக ஒரு படத்தை இட்டுக்கட்டிச் செருகும். சினிமாவுக்கு அது வழவழப்பு. ஆட்டத்துக்கு அதுவே தாமதம். பொத்தானை அழுத்தியபின் திரையில் அசைவு வர எடுக்கும் நேரம், அதாவது "இன்புட் லேக்", ஹெர்ட்ஸைப் போலவே முக்கியம். "கேம் மோட்" போட்டால் இந்தத் தாமதம் வெகுவாகக் குறையும். இதற்குத் தனிக் காசு இல்லை. 60 ஹெர்ட்ஸ் பெட்டிகள் பலவற்றிலும் உண்டு.

கடையில் கேட்க வேண்டியவை

1. திரையின் அசல், அதாவது "நேட்டிவ்" ரெஃப்ரெஷ் ரேட் எவ்வளவு? விளம்பரத் தாளில் அல்ல, விவரக் குறிப்பில் காட்டச் சொல்ல வேண்டும்.

2. எந்த எச்.டி.எம்.ஐ. துளையில் 4கே 120 ஹெர்ட்ஸ் வரும்? "2.1" என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. பல பெட்டிகளில் ஓரிரு துளைகளில்தான் அந்த வசதி உண்டு.

3. கேம் மோட் உண்டா? கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லலாம்.

வீட்டில் 120 அனுப்பும் கருவி இருந்து, பிள்ளைகள் வேகமான ஆட்டம் ஆடுபவர்களானால் 120 ஹெர்ட்ஸ் வாங்குவது தகும். கருவியே இல்லாத வீட்டில் நல்ல 60 ஹெர்ட்ஸ் பெட்டி போதும். நம் கடைகளில் டி.வி. விற்கும் அன்பர்களும் வாங்க வருபவரிடம் "வீட்டில் என்ன கருவி இருக்கிறது?" என்று முதலில் கேட்கட்டும். உள்ளூர் வியாபாரத்தில் ஒரு பெட்டி லாபத்தைவிட, அதே வாடிக்கையாளர் மறுபடி படியேறுவதுதான் பெரிது.