இமயத்து மரம், திருத்தணிக் கடையில்!

பனிமலையில் வளரும் தாளிசபத்திரியின் கதை

திருத்தணியில் 365 படி ஏறி, முருகனைக் கும்பிட்டு இறங்கினால் கடைத்தெரு. வெயில் கொளுத்துகிறது. நாட்டு மருந்துக் கடையில் போய், "தாளிசபத்திரி இருக்கிறதா?" என்று கேளுங்கள். கடைக்காரர் டப்பாவைத் திறந்து, ஊசி போன்ற காய்ந்த இலைகளை நிறுத்துப் பொட்டலம் கட்டித் தருவார்.

அந்த இலை திருத்தணியில் முளைத்தது அல்ல. தமிழ்நாட்டுக் காடு எதிலுமே அது கிடையாது. அது பிறந்த இடம், பனி மூடிய இமயமலை!

தொட்டபெட்டாவுக்கும் மேலே

அந்த மரத்தின் பெயர் ஃபிர். தாவர நூலார் இதை 'ஏபிஸ் ஸ்பெக்டாபிலிஸ்' என்பார்கள். 'ஏபிஸ் வெப்பியானா' என்பது பழைய பெயர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 9,000 அடி முதல் 13,000 அடி உயரம் வரை இது வளர்கிறது. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாகூட சுமார் 8,650 அடிதான். அது முடியும் உயரத்துக்கும் மேலேதான் ஃபிர் காடு தொடங்குகிறது!

நம் ஊர்ச் சவுக்கைப் பார்த்து, "இதுவும் அந்த இனமோ?" என்று சிலர் நினைப்பதுண்டு. இல்லை. சவுக்கின் பச்சை ஊசிகள் இலைகளே அல்ல, மெல்லிய கிளைகள். ஃபிர் மரத்தில் ஊசிதான் இலை.

குளிரை வெல்வது எப்படி?

குளிர்காலத்தில் இமயத்தில் தண்ணீரே உறைந்துவிடும். வேர் நீரை உறிஞ்ச முடியாது. அதற்கு மரம் என்ன செய்கிறது?

இலை ஒடுங்கி, மேலே மெழுகு பூசியதுபோல் இருக்கிறது. அதனால் உள்ளே இருக்கும் ஈரம் எளிதில் போவதில்லை. குளிர் வருமுன்பே செல்களில் நீரைக் குறைத்து, சர்க்கரையைக் கூட்டிக்கொள்கிறது. அதனால் செல்லுக்குள் பனிக்கட்டி உண்டாவதில்லை. மரம் கோபுரம்போல் மேலே குறுகிப் போவதால், கிளையில் விழும் பனியும் சரிந்துவிடுகிறது.

இதன் காய்க் கூம்புகள் தொங்குவதில்லை. கிளைமேல் ஏற்றி வைத்த விளக்குபோல், ஊதா நிறத்தில் நிமிர்ந்து நிற்கும். முற்றியதும் செதில் செதிலாக உதிரும். சிறகுள்ள விதைகள் காற்றில் பறக்கும்.

மலைவாசிகளுக்கு இதன் மரம் பலகைக்கும் கூரைக்கும் பெட்டிக்கும் உதவுகிறது. நமக்கு உதவுவது இலை. இருமல், சளி, இரைப்பு ஆகியவற்றுக்குச் சித்த வைத்தியர்கள் கொடுக்கும் தாளிசாதி சூரணத்தில் முக்கியச் சரக்கு இதுதான்.

ஒரே பெயர், இரண்டு இலை!

இங்கேதான் எச்சரிக்கை தேவை. இமயத்தில் 'யூ' என்று இன்னொரு மரம் உண்டு. அதன் இலையும் ஊசி போன்றதுதான். தாளிசபத்திரி என்ற பெயரில் அந்த இலையும் வட இந்தியச் சந்தைகளில் விற்கப்பட்டு வந்திருக்கிறது. யூ இலையில் இருதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே யூ இனத்திலிருந்துதான் புற்றுநோய்க்கு 'டாக்சால்' என்ற மருந்து கிடைத்தது. அமெரிக்காவில் மன்றோ வால் என்பவரும், இந்தியாவில் பிறந்த மன்சுக் வானியும் அதன் அமைப்பை 1971-ல் வெளியிட்டார்கள். ஆனால் அது ஆலையில் பிரித்தெடுத்து, டாக்டர் அளந்து ஏற்றும் மருந்து. இலையை அரைத்துக் குடிப்பது வேறு!

அடையாளம் காண்பது எப்படி?

ஃபிர் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் இரண்டு வெள்ளைக் கோடுகள் ஓடும். நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். யூ இலையின் நுனி கூராக இருக்கும். அடிப்பக்கம் வெளிர் மஞ்சள் பச்சையாக இருக்கும். வெள்ளைக் கோடு இராது. பூதக்கண்ணாடிக்கும் மேலான நுண்ணோக்கியில் வைத்தால், ஃபிர் இலைக்குள் இரண்டு பிசின் குழாய்கள் தெரியும். யூ இலையில் அவை இல்லை.

இந்திய ஆயுர்வேத மருந்து நூலில் தாளிசம் என்று குறிக்கப்பட்டிருப்பது ஃபிர் இலையே. ஆனால் பொடித்துவிட்டால் எது எது என்று கண்ணுக்குத் தெரியாது. ஆகவே, வீட்டில் இடித்துக்கொள்பவர்கள் தூளாக வாங்காமல் இலையாக வாங்குங்கள். வைத்தியரிடம் காட்டிக் கேளுங்கள். பிறகு இடியுங்கள்.

பனிமலையிலிருந்து இவ்வளவு தூரம் வந்த இலை. குழந்தையின் வாய்க்குப் போகுமுன் ஒரு தடவை திருப்பிப் பார்ப்பதில் என்ன கஷ்டம்?